மீண்டும் செப்புத் தகட்டின் முன்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில், கட்டிலுக்கடியிலோ பரணிலோ ஒரு பெட்டி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வந்த ஆண்டில் கட்டிய கயிறுகூட அதில் அவிழாமல் இருக்கும். ஒருவர் பெட்டியில் சலங்கை இருக்கும். மற்றொருவர் பெட்டியில் வீணைத் தந்திகளும் பாட்டு நோட்டும் இருக்கும். “அலுவல் சற்றுக் குறையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி மூடிவைத்த பெட்டி அது. என் பெட்டியில் ஒரு செப்புத் தகடு இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அதைத் திறந்ததையும், திறந்தபின் நான் கற்றுக்கொண்டதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் தொழில்முறை ஓவியன் அல்லன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதும், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலை. ஆனால் இளமையில், சென்னையில் படித்துக்கொண்டிருந்த நாளிலும் அதன் பின்னரும், மாலை வேளைகளில் ஓர் ஆசிரியரிடம் குழிவு அச்சுக்கலையைப் பயின்றேன். இன்டாக்லியோ என்று மேனாட்டார் வழங்கும் கலை அது.

அச்சு என்றவுடன் அலுவலகத்தாராகிய எங்களுக்கு நினைவு வருவது ரப்பர் முத்திரை. அதில் மேடாக இருக்கும் பகுதி மையை ஏந்திக் காகிதத்தில் பதிகிறது. மரக்கட்டை அச்சும், பழைய ஈய எழுத்து அச்சும் அவ்வகையைச் சேர்ந்தவையே. குழிவு அச்சு இதற்கு நேர்மாறானது. இங்கே தகட்டில் கீறப்பட்ட பள்ளங்களே படம். தகடு முழுவதும் மையைத் தடவி, கஞ்சியிட்ட சல்லாத் துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். நனைத்து ஈரம் ஒற்றிய காகிதத்தை அதன்மேல் விரித்து, கம்பளி போர்த்து, இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்தி ஓட்டவேண்டும். நனைந்து மென்மையான காகிதம் பள்ளத்தினுள் இறங்கி மையை எடுத்து வருகிறது. ஆகவே இம்முறையில் அச்சான கோடு விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். ஐயமிருந்தால், நல்ல புதிய நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துக் காந்தியடிகளின் உருவத்தைத் தடவிப் பாருங்கள். அதுவும் குழிவு அச்சே.

பள்ளம் உண்டாக்குவதற்கு வழிகள் பல. உளியால் நேரே செதுக்கலாம். கூரிய ஊசியால் கீறலாம். அல்லது அமிலத்தின் உதவியை நாடலாம். தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சைத் தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசி, அதன்மேல் ஊசியால் வரைந்து, அமிலத்தில் அமிழ்த்தினால், மெழுகு விலகிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். சிறிது நேரம் வைத்தால் மெல்லிய கோடு. நெடுநேரம் வைத்தால் ஆழ்ந்த கரிய கோடு. ஐரோப்பாவில் போர்க் கவசங்களின்மேல் பூவேலை செய்தவர்கள் கையாண்ட உத்தி இது. பின்னர் அச்சுக்கு வந்தது. ஜெர்மானிய ஓவியர் டூரர் 1515-க்கும் 1518-க்கும் இடையே இரும்புத் தகடுகளில் இதைச் செய்துபார்த்தார். அடுத்த நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து ரெம்பிராண்ட் இக்கலையைச் சிகரத்துக்குக் கொண்டுசென்றார்.

நம் நாட்டிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-93 ஆண்டுகளில் தென்னாட்டில் பயணம் செய்து வரைந்த மதுரை, தஞ்சை, மாமல்லபுரக் காட்சிகள், இங்கிலாந்தில் செப்புத் தகடுகளில் ஏறி அச்சாயின. இந்தியர்களுள் முகுல் தே 1916-இல் அமெரிக்கா சென்று சிகாகோ நகரில் இக்கலையைக் கற்று வந்தார். சித்தூர்ப் பகுதியில் பிறந்து சாந்திநிகேதனத்தில் பயின்ற கிருஷ்ண ரெட்டி, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின் பாரிசுக்குச் சென்றார். ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒருங்கே அச்சிடும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. தேவகோட்டையில் பிறந்த பழனியப்பன் நம் காலத்தில் இத்துறையில் பெயர் பெற்றவர்.

செம்பில் கீறுவது தமிழர்க்குப் புதிதன்று என்று என் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முப்பத்தொரு ஏடுகள் கொண்டவை. “அவர்கள் ஏட்டையே படிக்கும்படி வெட்டினார்கள், ஆதலால் நேராக வெட்டினார்கள். நாம் தகட்டைக் காட்டப்போவதில்லை; அதிலிருந்து எடுத்த தாளைத்தான் காட்டப்போகிறோம். ஆகவே இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி வரைய வேண்டும். இதை மறந்தவன் எதை நினைத்தும் பயனில்லை” என்பார். வரைபடத்துக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதில் தெரிவதைப் பார்த்துத் தகட்டில் வரையச் சொல்வார். இந்தச் சொற்களை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2003-ஆம் ஆண்டு எனக்குத் தில்லியில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், காவிரிக் கரையில் உள்ள எங்கள் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். மெழுகு பூசிய செப்புத் தகடு ஒன்றையும் எடுத்துச் சென்றேன். என் தந்தையார் கிராமத்து அஞ்சலகத்தைக் கவனித்து வந்தவர். மாலையில் திண்ணையில் அமர்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பார். தெருவில் நின்றபடியே அவரையும், திண்ணையையும், தூண்களையும், கதவையும், விளக்கு மாடத்தையும் தகட்டில் வரைந்தேன். முகம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வேளையில் மணியார்டர் படிவம் நிரப்பித் தரும்படி ஒருவர் வந்தார். தந்தையார் எழுந்து உள்ளே போனார். “முகத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளேன்” என்றார். நாளைக்கு எனக்குப் பேருந்து. சென்னைக்கு வந்து தகட்டை அமிலத்தில் இறக்கினேன். கோடுகள் நன்றாகவே அரித்தன. ஆனால் ஒரு தாள்கூட அச்சிட்டுப் பார்க்காமல், செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தில்லிக்கு இரயிலேறினேன்.

அதன்பின் நடந்தது உங்களில் பலருக்கும் நடந்ததே. வாடகை வீடு, அரசுக் குடியிருப்பு, திருமணம், குழந்தைகளின் பள்ளி, தேர்வுகள், பதவி உயர்வு. ஊர் வீடு 2011-இல் விலைபோயிற்று. 2016-இல் தந்தையார் காலமானார். தாயார் இப்போது கோயம்புத்தூரில் என் தமையனாரோடு இருக்கிறார். பெட்டி மட்டும் வீட்டுக்கு வீடு என்னோடு வந்தது.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சுவர் கசிந்து கட்டிலை நகர்த்த நேர்ந்தபோதுதான் அதைத் திறந்தேன். தகட்டில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. புளிக்காடியும் உப்பும் கலந்து பஞ்சால் மெல்லத் துடைத்தேன். களிம்பு கரைந்து செம்பு ஒளிவிட்டது. அதன் நடுவே எங்கள் திண்ணை தெரிந்தது. முகமில்லாத மனிதர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார்.

மறுநாளே மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இருபத்து நான்கு வயதில் வெறுங்கண்ணால் பார்த்த கோடுகள் இப்போது மங்கித் தெரிந்தன. கை சிலவற்றை மறக்கவேயில்லை. ஊசியைப் பிடித்த மாத்திரத்தில் விரல்கள் தம் இடத்தைக் கண்டுகொண்டன. ஆனால் அவசரம் கூடாது என்பதைக் கை மறந்துவிட்டது. தட்டச்சுப் பலகையிலும் கணினியிலும் பழகிய விரல்கள், தவறினால் அழித்துவிடலாம் என்ற துணிவோடு நகர்ந்தன. செம்பில் அப்படி அழிக்க முடியாது.

அச்சு எந்திரத்துக்கு என்ன செய்வது? தில்லியில் லலித் கலா அகாதெமி 1976-இல் கார்ஹி என்னுமிடத்தில் ஓவியர்களுக்கான பட்டறைகளைத் தொடங்கியது. அதைப்போல எந்திரம் உள்ள பொதுப் பட்டறைகள் பெருநகரங்கள் பலவற்றில் உண்டு. தில்லியில் அத்தகைய பட்டறை ஒன்றில், சனிக்கிழமைகளில் கட்டணம் செலுத்தி எந்திரத்தைப் பயன்படுத்த எனக்கு இசைவு கிடைத்தது. அங்கே வேலை செய்பவர்கள் என் வயதில் பாதியினர். காகிதத்தை எத்தனை நேரம் ஊறவைப்பது என்று அவர்களில் ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது; இரண்டாம் வாரத்தில் வெட்கம் போய்விட்டது.

முதல் தாளைத் தகட்டிலிருந்து உரித்த நொடியை நான் மறக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் அமிலம் அரித்த கோடுகள் ஒன்றும் குறையாமல் எழுந்து நின்றன. திண்ணையின் நிழல், தூணின் வளைவு, விசிறியின் ஓலை மடிப்பு எல்லாம் இருந்தன. மகிழ்ச்சி மிகுதியில் வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

இனி முகம். அமிலமின்றி, ஊசியால் நேரே கீறும் முறையைக் கைக்கொண்டேன். ஊசி செம்பை உழுது செல்லும்போது கோட்டின் இருமருங்கும் பிசிர் எழும். அந்தப் பிசிரில் மை தங்குவதால் அச்சில் கோடு வெல்வெட்டுப் போல மென்மையாகத் தோன்றும். சில தாள்கள் அச்சிட்டவுடன் பிசிர் நசுங்கிவிடும் என்பது இதன் குறை. ஓய்வூதியப் படிவத்துக்காக எடுத்த சிறிய நிழற்படம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதைப் பார்த்துக் கீறினேன். அச்சிட்டுப் பார்த்தால், எங்கள் திண்ணையில் ஓய்வூதியப் படிவம் உட்கார்ந்திருந்தது. சுரண்டியால் சுரண்டி, மெருகுக் கருவியால் தேய்த்து அழித்தேன். மீண்டும் நினைவிலிருந்து கீறினேன், மீண்டும் அழித்தேன். செம்பில் முழு அழிப்பு அரிது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் புகை தங்கிவிட்டது.

ரெம்பிராண்ட் 1653-இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ என்னும் அச்சோவியத்தைப் பற்றி அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் பின்னர் அதே தகட்டை எடுத்து, உருவங்கள் பலவற்றைச் சுரண்டி நீக்கி, இருள் கவிந்த வேறொரு படமாகவே மாற்றினார். உற்று நோக்கினால் பழைய கோடுகளின் சுவடுகள் தெரியும். பேரோவியனுக்கே சுவடு மறையவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துத் தமையனாருக்கு அனுப்பி, தாயாரிடம் காட்டச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தாயார் பேசினார். முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“ஏண்டா, உங்கப்பா என்னிக்கு இடது கையால விசிறிக்கிட்டார்?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தாயார் தொடர்ந்தார்: “மாடக்குழி வாசலுக்கு வலப்பக்கம்னா இருக்கும்? இது யார் வீடு?”

நேயர்களே, நீங்கள் முன்பே கண்டுகொண்டிருப்பீர்கள். தெருவில் நின்று, கண்ணால் கண்டபடியே தகட்டில் வரைந்துவிட்டேன். தகட்டில் எல்லாம் சரியாக இருந்தன. தாளில் வீடு இடம் வலமாகத் திரும்பிவிட்டது. ஆசிரியர் ஆயிரம் முறை சொன்ன முதல் பாடத்தை, புறப்படும் அவசரத்தில் மறந்திருக்கிறேன். அச்சிட்டுப் பாராமல் பெட்டியில் வைத்ததால், இருபது ஆண்டுகள் அந்தப் பிழை என் கட்டிலுக்கடியில் உறங்கியிருக்கிறது. வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவதற்காகச் சம்பளம் வாங்குகிற நான், சொந்த வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அமெரிக்க ஓவியர் விஸ்லர் வெனிஸ் நகரை நேரில் கண்டு தகட்டிலேயே வரைந்தார். 1880-இல் வெளிவந்த அந்த அச்சோவியங்களில் வெனிஸ் நகரம் இடம் வலம் மாறியே நிற்கிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வெனிஸ் விஸ்லருடைய தாயார் விளக்கேற்றிய வீடு அன்று.

சில நாட்கள் மனம் சோர்ந்திருந்தேன். பழைய தகட்டை முடித்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகும் என்றுதான் எண்ணியிருந்தேன். விட்ட இடம் அங்கே இல்லை. நானும் அந்த இளைஞன் இல்லை, வீடும் நம்முடையதாக இல்லை, தகடோ பிழையானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அப்படின்னா வேற தகடு வாங்கு” என்றார்.

வாங்கினேன். இந்தமுறை காகிதத்தில் வரைந்து, கண்ணாடியை எதிரே நிறுத்தி, ஒவ்வொரு கோட்டையும் மாற்றி எடுக்கிறேன். ஞாயிறுதோறும் தாயார் திருத்தம் சொல்கிறார். திண்ணைத் தூண்கள் மூன்று அல்ல, நான்கு; நான்காவது, கொடியின் மறைவில் இருந்ததால் நான் காணவில்லை. மாடக்குழிக்கு மேலே எண்ணெய்க் கறை உண்டு. விசிறியின் காம்பில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். அவர் பிறந்த வீடன்று அது, புகுந்த வீடு, ஐம்பது ஆண்டுகள் சாணமிட்டு மெழுகிய தரை. அதன் மூலப்படி இப்போது அவரிடம் மட்டுமே இருக்கிறது. அவருக்கு வயது எழுபத்தெட்டு.

முகத்தைப் பற்றியும் ஒருநாள் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். “அவர் யாரையும் நேரே பார்த்துக்கிட்டு உட்காரமாட்டார். தபால் பை வர்ற திசையைத்தான் பார்த்துக்கிட்டிருப்பார்” என்றார். நான் இத்தனை நாள் என்னை நோக்கிய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தெருமுனையை நோக்கித் திரும்பிய பக்கவாட்டு முகத்தை இரண்டு கோடுகளில் வரைய முடிந்தது. தாயாருக்கு அதன் படத்தை அனுப்பினேன். “ஆமாம், மூக்கு இன்னும் கொஞ்சம் இறங்கணும்” என்று பதில் வந்தது.

இத்தகைய பழைய கலையை மீண்டும் தொட எண்ணும் நேயர்களுக்குச் சில சொற்கள். குழிவு அச்சைத் தொடங்குபவர்கள் முதலிலேயே அமிலத்தை நாட வேண்டாம். ஊசியும் ஒரு சிறு செப்புத் தகடும், அல்லது ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடும் இருந்தால் நேர்க்கீறல் முறையில் வீட்டு மேசையிலேயே வரையலாம். தகட்டின் விளிம்புகளை அரத்தால் சரிவாக்க மறக்காதீர்கள். கூரிய விளிம்பு காகிதத்தையும் கம்பளியையும் கிழித்துவிடும். அமிலம் வேண்டுமெனில், நச்சுப் புகை எழுப்பும் நைட்ரிக் அமிலத்தைக் குடியிருப்பு வீடுகளில் வைத்துக்கொள்ளலாகாது. செம்புக்கு ஃபெரிக் குளோரைடு போதும். மின்சுற்றுப் பலகை செய்வோருக்காக மின்னணுச் சாதனக் கடைகளில் விற்கிறார்கள். அதில் தகட்டைக் கவிழ்த்து மிதக்க விட்டால் வண்டல் கோடுகளில் படியாது. அதைத் துத்தநாகத் தகட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், கொதித்துப் பொங்கும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம் வேண்டும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சாக்கடையில் ஊற்றாமல், அதை முறையாக அகற்றும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வரைந்ததை உடனே ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள். அதை அறிந்தவர் ஒருவருக்குக் காட்டுங்கள். உங்கள் பெட்டியில் இருப்பது வீணையாக இருந்தாலும், பாதி எழுதிய குடும்ப வரலாறாக இருந்தாலும் இது பொருந்தும். பிழை எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே திறந்துவிடுவது நல்லது.

என் புதிய தகடு மெழுகுப் பூச்சோடு மேசைமேல் இருக்கிறது. நான்கு தூண்களும் ஏறிவிட்டன. மூக்கும் சற்று இறங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை அதை அமிலத்தில் இறக்கப் போகிறேன். முதல் தாளின் அடியில் பென்சிலால் ஒன்று என்று எண்ணிட்டு, கோயம்புத்தூருக்கு அஞ்சலில் அனுப்புவேன். அதைக் கையில் வாங்கியதும் தாயார் முதலில் விசிறி எந்தக் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.